முதுகு மட்டும் தெரிந்த விலங்கு

படத்தில் இருப்பது என்ன விலங்கு என்று அகராதிக்குத் தெரியவில்லை. இதைத் தனக்குள் ஒப்புக்கொள்ளவே அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைசியில் யாரும் வருகிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டு, தலையைக் கவிழ்த்து, தலைகீழாகவும் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அகராதி என்பது அவருடைய பட்டப்பெயர். காப்புக்காட்டின் படப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். காட்டுப் பாதைகளில் மரங்களில் கட்டி வைத்திருக்கும் கேமராக்கள், எதிரே எது அசைந்தாலும் தாமாகவே படம் எடுத்துக்கொள்ளும். அந்தப் படங்கள் சின்னச் சின்ன நினைவு அட்டைகளில் அவர் மேசைக்கு வரும். இது மான், இது நரி, இது முள்ளம்பன்றி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுவது அவர் வேலை. அவருக்குத் தெரியாத விலங்கே இல்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர் வந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் மற்றவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள்.

பெயர் எழுதும் படிவத்தில் கடைசிக் கட்டம் 'தெரியாது' என்பது. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவர் பேனா பட்டதில்லை. ஒரு காது நுனி போதும், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். வாலில் நாலு முடி தெரிந்தால் அது காலையில் என்ன தின்றது என்றே சொல்லிவிடுவார். சரிபார்க்க ஆள் இல்லாததால் எல்லாமே சரியாக இருந்தது.

இந்தத் தடவை மட்டும் சரிபார்க்க ஆள் வந்திருந்தது. ஆள்கூட இல்லை, இயந்திரம். தலைமையகத்திலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த மென்பொருள், படத்தைப் போட்ட மறுநொடி விலங்கின் பெயரைச் சொல்லியது. ஒரு மாதம் இரண்டு பேரும் ஒரே படங்களைப் பார்ப்பது, கடைசி வெள்ளிக்கிழமை முடிவு, யார் குறைவாகத் தடுமாறினார்களோ அவர்களுக்கே படப் பிரிவு என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார்.

தோற்றால் எனக்கு என்ன வேலை என்று அகராதி கேட்டிருந்தார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை காலியாக இருக்கிறது, அங்கே எதையும் அடையாளம் காண வேண்டியதில்லை என்றார் இயக்குநர். ஆறுதலாகத்தான் சொன்னார். அகராதிக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், இத்தனை விலங்குகளுக்குப் பெயர் வைத்த கையால் டிக்கெட் கிழிப்பதா? அந்த அறையையும் அந்த மேசையையும் அவர் தன் சொந்த வீட்டைவிட அதிகமாக நேசித்தார். வீட்டில் அவர் சொல்வதை யாரும் படிவத்தில் ஏற்றிக்கொள்வதில்லை.

மூன்று வாரமும் சமநிலையில் போயிற்று. கடைசி வாரத் திங்கட்கிழமை காலையில், பதினான்காம் நம்பர் கேமராவின் அட்டையைச் செருகியதும், முதல் படத்திலேயே இது வந்து நின்றது.

கறுப்பு வெள்ளைப் படம். புல்லுக்கு மேலே ஒரு பெரிய முதுகு. அதன்மேல் ஒரு திமில். முடி என்பது பெயருக்கும் இல்லை. தோல் வழவழவென்று மினுங்கியது. பின்பக்கம் நல்ல அகலம். அதன் ஓரத்தில் வால் மாதிரி தட்டையாக ஏதோ தொங்கியது. தலை படத்துக்கு வெளியே போய்விட்டது. கால்களைப் புல் மறைத்துவிட்டது. மூலையில் ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு மணி நாலு நிமிடம் என்று நேரம் இருந்தது. வருடம் மட்டும் ஆறு வருடம் பின்னால் இருந்தது. கருவிக்குச் சில சமயம் மறதி வரும் என்று அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

'தெரியாது' என்ற கட்டம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். 'கரடி' என்று எழுதினார். கரடிக்கு முடி உண்டே என்று யாராவது கேட்டால்? அடைப்புக்குறி போட்டு, 'நோயுற்றது, முடி கொட்டிவிட்டது' என்று சேர்த்தார். எழுதி முடித்ததும் அவருக்கே அது கரடி மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

அந்த டீ செரிப்பதற்குள் வினை வந்தது. 'நோயுற்றது' என்று எழுதினால் அந்தப் படிவம் நேராகக் கால்நடை மருத்துவர் மேசைக்குப் போய்விடும். அப்படி ஒரு விதி வேண்டும் என்று நாலு வருடத்துக்கு முன்பு அடம்பிடித்து வாங்கியவர் அகராதிதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவர் மயக்க ஊசித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நிதானமான மனிதர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். படத்தைக்கூட விரலால் தடவித்தான் பார்த்தார்.

"கரடி எங்க சார்?"

"படத்துல இருக்கே."

"இது கரடி இல்லையே."

நோய் வந்த தோல் இப்படி மினுங்காது என்று மருத்துவர் விளக்கினார். சொறி இருந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். இது நல்ல ஊட்டமான உடம்பு. கொஞ்சம் அதிகமான ஊட்டம் என்றே சொல்லலாம். ஆனால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தால், இடது பின்னங்காலில் மூட்டுத் தேய்மானம் இருக்க வேண்டும். ஓடியாடித் திரியும் ஜாதி இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும் ஜாதி. வயதும் ஆகிவிட்டது, மனிதக் கணக்கில் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"அப்ப இது என்னதான்னு சொல்லுங்களேன்" என்றார் அகராதி.

"அதை நீங்கதானே சொல்லணும்."

அகராதி அசரவில்லை. மருத்துவரை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார். இது கரடி இல்லை என்பது தமக்கு முதல் பார்வையிலேயே தெரியும் என்றும், மருத்துவரின் வாயிலிருந்து அது வரட்டும் என்றே அப்படி எழுதியதாகவும் சொன்னார். நோய் இல்லை, ஆனாலும் முடி இல்லை என்றால் என்ன அர்த்தம்? முடி இல்லாததே அதன் இயல்பு என்று அர்த்தம். அப்படி ஒரு விலங்கு இந்தக் காட்டுப் பட்டியலில் இல்லை. ஆகவே இது புதுசு.

"புது இனமா?" என்றார் மருத்துவர்.

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

மருத்துவர் ரகசியம் காப்பவர்தான். ஆனால் விதியை அதைவிட அதிகமாகக் காப்பவர். பட்டியலில் இல்லாத விலங்கு என்றால் அது ஆளை அடிக்குமா, கடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் முடிவு தெரியும்வரை பாதையை மூட வேண்டும். அவர் நேராக இயக்குநர் அறைக்குப் போனார். மத்தியானத்துக்குள் நடைபாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டாயிற்று. மலை ஏற வந்தவர்கள் வாசலில் நின்று என்ன விலங்கு, என்ன விலங்கு என்று கேட்க, வாசல்காரர்கள் தமக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னார்கள். சாயங்காலம் அது மூன்று ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

புதன்கிழமை இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். அகராதி நல்ல திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டு போனார். ஆனால் இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். இந்தக் காட்டில் மானையும் பன்றியையும் விட்டால் வேறென்ன இருக்கிறது என்று தலைமையகம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். இப்போது பதில் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடப் போகிறார்.

"முழு அறிக்கை ஒண்ணு வேணும். நீங்க நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

இந்த இடத்தில் அகராதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். 'இன்னும் கொஞ்சம் பார்க்கணும் மேடம்' என்றால் போதும். ஆனால் பதினோரு வருடமாக அவர் வாயில் வராத வார்த்தை அது.

"நூத்துக்கு நூறு மேடம்" என்றார்.

பதினைந்து பக்கம் எழுதினார். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பதினைந்து பக்கம் எழுதுவது லேசான காரியமில்லை. அவருக்கு அது லேசாக வந்தது. இரவில் மட்டும் நடமாடும். தனியாகவே திரியும்; தன் இனத்தோடு ஒத்துப்போகாத சுபாவம். படத்தில் இருப்பது வயதான ஆண்; கூட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டிருக்கலாம். திமிலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. உடம்புக்கு ஏற்ற மூளை இல்லை; இத்தனை பக்கத்தில் கேமரா இருந்தும் அதைக் கவனிக்காமல் போவதே அதற்குச் சான்று. இதன் பெட்டை இதைச் சகித்துக்கொள்வது கடினம் என்று எழுதிவிட்டு, அது அறிவியல் இல்லை என்று தோன்றியதால் அடித்துவிட்டு, 'இனப்பெருக்க வாய்ப்பு குறைவு' என்று மாற்றினார். மிச்சத்தை வீட்டில் முடிக்கலாம் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாப்பாட்டு மேசையில் அவர் படத்தை விரித்து வைத்திருந்ததை மனைவி வந்து எட்டிப்பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் அந்த பூதமா?"

"பூதம்னு சொல்லாத. வரலாறுல வரப்போற விலங்கு."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவமா இருக்குங்க. எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு" என்றாள்.

விலங்குக்கு மனித உணர்ச்சியை ஏற்றிப் பார்ப்பது படிக்காதவர்கள் செய்யும் முதல் தவறு என்று அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் இரண்டு பட்டம் வாங்கியவள். படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தாள். பேனா கிழிக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. யாரோ ஒரு மாணவனுக்கு மதிப்பெண் குறைந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை புதிய தொல்லை முளைத்தது. பக்கத்து அறைப் பெண்ணும் அதே படத்தைத் தன் மென்பொருளில் போட்டிருந்தாள். அதுதான் போட்டியின் விதி. மென்பொருள் முக்கால் நொடி யோசித்து, 'பன்றி, ஐம்பத்தெட்டு சதவீதம்' என்று சொல்லிவிட்டது. அவள் அதை இயக்குநரிடம் காட்ட, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரணை நடந்தது.

"பன்றியா?" என்று சிரித்தார் அகராதி. "அம்மா, நான் பதினோரு வருஷமா பன்றி பார்க்கிறேன். இது எந்தக் கோணத்துல உனக்குப் பன்றியாத் தெரியுது?"

"எனக்குத் தெரியல சார். மெஷினுக்குத் தெரியுது" என்றாள் அந்தப் பெண். அமைதியானவள். சண்டை போடவே அவளுக்குத் தெரியாது என்பது அகராதிக்கு எரிச்சலாக இருந்தது. "பின்பக்கத்தை வெச்சு சொல்லுதுன்னு நினைக்கிறேன்."

"மீதி நாப்பத்திரண்டு சதவீதம்?"

"அதுக்கு நிச்சயமில்ல சார்."

"அதை நேரா தெரியாதுன்னு சொல்லச் சொல்லு."

இயக்குநர் தலையசைத்தார். அகராதிக்கு வேகம் பிடித்துக்கொண்டது. பன்றியின் முதுகு எப்படி இருக்கும், மயிர் எந்தப் பக்கம் படியும், வால் எப்படிச் சுருளும் என்று அரைமணி நேரம் பேசினார். இந்த விலங்கைப் பன்றி என்று சொல்வது பன்றிக்கே அவமானம் என்று முடித்தார். பன்றி புத்திசாலி, இது அப்படி இல்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கலாம்.

இயக்குநர் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. புதிய விலங்குக்கு ஒரு பெயர் வேண்டுமே, கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பது வழக்கம் இல்லையா என்று கேட்டார். அதெல்லாம் எதற்கு மேடம் என்றார் அகராதி. பெயருக்கா நான் வேலை பார்க்கிறேன் என்றார். இயக்குநர் மூன்றாவது தடவை வற்புறுத்துவதற்கு முன்பே, அது எப்படி எழுதப்பட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

அந்தப் பெண் மட்டும் எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டாள். "தரையில தடம் ஏதாவது எடுத்தீங்களா சார்?"

யாரும் எடுக்கவில்லை. இயக்குநருக்கு அது உறைத்தது. பத்திரிகைக்காரர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

நிச்சயம் ஏதாவது ஒரு தடம் இருக்கும், எந்தத் தடமாக இருந்தாலும் அதை அந்த விலங்கின் தடமாக ஆக்கிவிட முடியும் என்று அகராதிக்கு நம்பிக்கை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அளவுநாடாவையும் சுண்ணாம்பு மாவையும் எடுத்துக்கொண்டார்.

வழி காட்டக் கேமரா அக்கா வந்தாள். காட்டில் கேமராக்களை மாட்டுவதற்கு நாலு பேர் இருந்தார்கள், அவள்தான் மூத்தவள். எந்த மரத்தில் எந்த நம்பர், எப்போது மாட்டியது, எப்போது பேட்டரி மாற்றியது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாரம் முழுக்க மலைக்கு அந்தப் பக்கம் அட்டை சேகரிக்கப் போயிருந்தவள், அன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். அவள் முன்னே நடக்க, பின்னால் இயக்குநர், மருத்துவர் துப்பாக்கியோடு, அந்தப் பெண் மடிக்கணினியோடு, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அகராதி. ஏற்றத்தில் அவருக்கு இடது முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்தது.

பதினான்காம் நம்பர் மரம் அடர்ந்த நிழலில் இருந்தது. பட்டப்பகலிலும் அங்கே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். தடம் எதுவும் இல்லை. புல்தான் இருந்தது. அகராதி குனிந்து அளவுநாடாவை நீட்டி, புல் மடங்கியிருந்த ஒரு இடத்தை அளந்து, ஆகா என்றார். மருத்துவர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, அது இப்போதுதான் தாம் நின்ற இடம் என்றார்.

இதற்குள் கேமரா அக்கா தன் வேலையைத் தொடங்கியிருந்தாள். வந்ததுதான் வந்தோம், பேட்டரியை மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். புதிய பேட்டரியைப் போட்டு, சின்னத் திரையில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று இயக்குநர் கேட்டார்.

"தேதி வைக்கிறேன் மேடம். பேட்டரி மாத்தினா இதுக்கு எல்லாம் மறந்துடும். ஜனவரி ஒண்ணு, நடுராத்திரின்னு ஆரம்பிச்சிடும்."

தேதி வைத்தாள். பிறகு தன் கருவிப்பையை முதுகில் இழுத்து மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு எதிரே போய், முழங்காலும் கையும் ஊன்றித் தரையில் தவழ ஆரம்பித்தாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு, மெதுவாக, தலையை நீட்டிக்கொண்டு போனாள்.

இயக்குநர் பதறிப்போனார். அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மருத்துவரைப் பார்த்தார்.

அகராதிதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நடந்தால் கால் மட்டும்தான் படத்தில் விழும். ஒரு விலங்கு போனால் சரியாக எடுக்கிறதா என்று பார்க்க, விலங்கு மாதிரியே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இது கட்டாயம். முதலில் தேதி, பிறகு தவழல், பிறகு அந்தச் சோதனைப் படத்தை அங்கேயே அழிக்க வேண்டும். அலுவலகத்துக்கு அது வரவே கூடாது.

"நானே எழுதின விதி மேடம்" என்றார்.

கேமரா அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். நிழலில் எடுத்ததால் கறுப்பு வெள்ளைப் படம். புல்லுக்கு மேலே ஒரு முதுகு. முதுகின்மேல் ஒரு திமில். தலை படத்துக்கு வெளியே.

அந்தப் பெண் தன் மடிக்கணினியைத் திறந்து பழைய படத்தை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதில் சற்று மெலிந்த உடம்பு, அதில் சற்றுப் பருத்த உடம்பு. மற்றபடி வித்தியாசம் எதுவும் இல்லை. அதில் இருந்த மினுமினுப்பு மழைக்கோட்டு, வால் என்பது அதன் பெல்ட், திமில் உள்ளே மாட்டிய கருவிப்பை என்பது ஒருமுறை தெரிந்துவிட்ட பிறகு கண்ணை மூடினாலும் மறையவில்லை.

அகராதியின் மனதில் வாசல், டிக்கெட், கிழிக்கும் சத்தம் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று. மறுநொடி சுதாரித்துக்கொண்டார். பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா.

"மனுஷன்" என்றார் உரக்க. "மேடம், இது மனுஷன். கண்டுபிடிச்சாச்சு."

பதினைந்து பக்கம் என்ன ஆயிற்று என்று இயக்குநர் கேட்டார். குரலில் முந்தைய நாள் குளிர்ச்சி இல்லை. மூன்று நாளாகப் பாதை மூடிக்கிடக்கிறது. சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

பக்கத்தை விடுங்கள் மேடம் என்றார் அகராதி. அடுத்த ஐந்து நிமிடம் அவர் பேசியது அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு. ஒரு சிக்கலான படம் வந்தது. மென்பொருள் அதைப் பன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. மனிதனைப் பன்றி என்று சொல்லும் இயந்திரத்தை நம்பிப் பிரிவை எப்படி ஒப்படைப்பது? தாம் அப்படி விட்டுவிடவில்லை. கரடி இல்லை என்று தள்ளினார், பன்றி இல்லை என்று தள்ளினார், நேரில் வந்தார், விடையைச் சொன்னார். கடைசியில் படத்துக்குச் சரியான பெயர் சொன்னது யார்? அதைத்தானே போட்டி கேட்டது? பத்திரிகைக்காரர்களிடமும் இதையே சொல்லலாம். இந்தக் காட்டில் ஒரு படத்தைக்கூட விசாரிக்காமல் விடுவதில்லை என்று பெயர் வரும்.

இயக்குநர் யோசித்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் நியாயமானவள். மென்பொருள் தவறாகத்தான் சொன்னது, சார்தான் சரியாகச் சொன்னார் என்று ஒப்புக்கொண்டாள்.

"சரி. படப் பிரிவு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் இயக்குநர்.

அகராதிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மேசை, அந்த நாற்காலி, அந்தக் கட்டம், எல்லாம் அவருடையது. அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவருக்கு ஒரு வாய், தோற்றவருக்கு ஒரு வாய் என்று அவரிடம் தனித்தனியாக இல்லை. இருந்தது ஒன்றுதான், அது திறந்தே இருந்தது.

"இதை இப்படியே விடக்கூடாது மேடம்" என்றார். "இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம் ஒரு ஆள். தேதி வைக்காமத் தவழ்ந்திருக்கான், அது ஒண்ணு. சோதனைப் படத்தை அழிக்காம விட்டிருக்கான், அது ரெண்டு. தவழுற லட்சணத்தைப் பாருங்க, பின்பக்கம் மட்டும் ஊர்வலம் போகுது. இந்த மாதிரி ஆளைக் கேமரா பக்கமே விடக்கூடாது."

"என்ன பண்ணலாம்?"

"வாசலுக்கு அனுப்புங்க. டிக்கெட் கிழிக்கட்டும்."

இயக்குநருக்கும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, மரத்தில் வைத்து அங்கேயே எழுதினார். பதினான்காம் நம்பர் கேமராவில் விதியை மீறிச் சோதனை செய்தவர் திங்கட்கிழமை முதல் வாசல் பணிக்கு மாற்றப்படுகிறார். பெயருக்கு இடம் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சியாக அகராதியும் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது.

"யாரு மாட்டினதுன்னு உங்க நோட்டுல இருக்கும்ல?" என்று இயக்குநர் கேமரா அக்காவிடம் கேட்டார்.

அவள் நோட்டைத் திறக்கவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். சொல்லித்தான் ஆகணுமா சார் என்று அகராதியைப் பார்த்துக் கேட்டாள்.

"தயங்காதம்மா. யாரா இருந்தாலும் எழுதினது எழுதினதுதான்" என்றார் அகராதி. "பேரைச் சொல்லு."

கேமரா அக்கா இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"போன மழையில மேடம், 'உங்க நாலு பேருக்கும் ஒழுங்காத் தவழத் தெரியல, நான் காட்டுறேன் பாருங்க'ன்னு சார்தான் தவழ்ந்து காட்டினாரு, நான் கேமராவுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன்."